நீந்த மறந்த கிருமி

இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார் டாக்டர் பாலசுந்தரம். பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"ரெண்டும் ஒரே பண்ணைன்னு எழுதியிருக்கீங்க."

"ஒரே பண்ணைதானுங்க டாக்டர். அப்புசாமி அண்ணன் பண்ணை. ஒரே கொட்டாய். மொதக் குழாய் தை மாசத்துக் கோழி. ரெண்டாவது இந்தப் பங்குனியில வந்த கோழி," என்றாள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தெய்வநாயகி.

"கிருமியும் ஒண்ணா?"

"வடக்க பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி வகை பார்த்ததுல ரெண்டுக்கும் ஒரே நம்பர்தானுங்க வந்திருக்கு."

"நம்பர் ஒண்ணா இருக்கலாம். என் கண்ணுக்கு ஒண்ணாத் தெரியலையே."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் குழாய்களில் இருந்தது கிருமி வளர்க்கிற, கூழ்போல் இளகிய அகார். கிருமியை ஊசியில் தொட்டு நடுவில் நேராகக் குத்திவிட்டு, மறுநாள் பார்ப்பார்கள். வால் இருக்கிற கிருமி நீந்திப் பரவும். வால் இல்லாதது குத்திய கோட்டிலேயே கிடக்கும். முதல் குழாய் முழுவதும் மோர் ஊற்றியதுபோல் கலங்கிக் கிடந்தது. இரண்டாவதில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும், நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல. தட்டில் வளர்த்துப் பார்த்தபோதும் அப்படித்தான். தை மாசத்துக் கிருமி ரோஜா நிறத்தில் கொத்தமல்லி விதை அளவுக்குப் புள்ளி வைத்தது. பங்குனிக் கிருமி கடுகு அளவுக்குமேல் வளரவே இல்லை. முன்னது டெட்ராசைக்ளின் மருந்தைக் கண்டாலே செத்தது. பின்னது டெட்ராசைக்ளினோடு இன்னும் மூன்று மருந்துகளையும் தாங்கிக்கொண்டு நின்றது.

"குழாய் எங்கியாவது மாறிப்போச்சாம்மா?" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் தெய்வநாயகிக்குத் தாங்கவில்லை.

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. ஆறு வருஷத்துக்கு முன்பு, சேலம் சூரமங்கலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தபோது இதே கேள்வியைக் கேட்டுத்தான் அவளை வெளியே அனுப்பினார்கள். இரண்டு பேருடைய ரத்தக் குழாய்களில் சீட்டு மாறி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியது அவள் இல்லை. உடன் வேலை செய்தவள் பேசாமல் இருந்துவிட்டாள். ராசிபுரத்தில் தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்காகப் பேச யாரும் இல்லை. மூன்று வருஷம் சும்மா இருந்து, 1980இல்தான் நாமக்கல் பரமத்தி சாலையில் கோழிப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து நடத்திய இந்த நோய் பார்க்கும் கூடத்தில் வேலை கிடைத்தது. அன்றுமுதல் ஒவ்வொரு குழாயிலும் அவளே எழுதுவாள். அதே கிருமியை இன்னொரு குழாயிலும் வளர்த்து, காய்ந்துபோகாமல் மேலே பாரபின் எண்ணெய் ஊற்றி, பிரிட்ஜின் அடித்தட்டில் தனியாக வைப்பாள். யாரையும் நம்பமாட்டாள். ஆய்வகத்துக்குள் வந்து நிற்கிறவர்களின் கையைத்தான் முதலில் பார்ப்பாள், முகத்தைப் பிறகுதான்.

"மாறலீங்க," என்றாள்.

டாக்டர் குழாய்களை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

அன்று மத்தியானம் சோற்றைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். குழாயை அவள் மாற்றவில்லை என்றால், வேறு யாரோ மாற்றியிருக்க வேண்டும். அப்படி நினைத்தவுடன் கந்தப்பனின் முகம் வந்து நின்றது.

கந்தப்பன் நாமக்கல் கடைவீதியில் கோழி மருந்துக் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பண்ணைக்கு அவன்தான் மருந்து கொடுத்தான். தை மாசம் அப்புசாமியின் கோழிகள் சுருண்டு விழ, அறுத்துப் பார்த்ததில் ஈரலின்மேல் பாலேடு போல வெள்ளைப் படலம். டெட்ராசைக்ளின் கேட்கும் என்று கூடத்திலிருந்து எழுதிக் கொடுத்தார்கள். அப்புசாமி கந்தப்பனிடம் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கினார். சாவு நின்றது. பங்குனியில் மறுபடி ஆரம்பித்தது. அதே கடை, அதே பொடி. இந்தத் தடவை நிற்கவில்லை. நாளுக்கு இருபது, இருபத்தைந்து என்று விழுந்தன.

அப்புசாமி செத்த கோழிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தவர், வாசலிலேயே கேட்டார். "ஏனம்மிணி, அந்தப் பொடியில சுண்ணாம்பு கிண்ணாம்பு கலந்திருப்பானுங்களா?"

அப்போது அவள் சாக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. பங்குனிக் கோழிகள் வந்த அதே வாரம் கந்தப்பன் கூடத்துக்கு வந்திருந்தான். டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் குழாய்களை நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவைத் திறக்கப் பின்னறைக்குப் போன பத்து நிமிஷம் அவன் தனியாக இருந்தான். பிரிட்ஜ் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான். திரும்பி வந்தபோது, "எந்த மருந்து கேக்கும்னு நீங்கதானுங்க எழுதறது?" என்று சிரித்தான். விற்றது போலி மருந்து. மருந்து கேட்கவில்லை என்றால் பழி தன்மேல் வரும். கிருமிதான் மருந்தைத் தாங்குகிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். அதற்காக வேறெங்கோ கிடைத்த ஒரு கிருமியைக் குழாயில் போட்டிருப்பான்.

கணக்குச் சரியாக இருந்தது. வகை நம்பர் எப்படி ஒன்றாக வந்தது என்பது மட்டும் இடித்தது. அதை அவள் ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

மறுநாள் அப்புசாமி வந்தபோது சொல்லிவிட்டாள். "நானே சந்தேகப்படறேனுங்கண்ணா. அந்தப் பொடியை இனிமே வாங்காதீங்க."

"நெனச்சேன்," என்றார் அப்புசாமி. அவ்வளவுதான். அந்த வாரம் சந்தைக்குள் பேச்சு பரவிவிட்டது. ஆய்வகத்து அம்மிணியே சொல்லிவிட்டது என்று எட்டுப் பண்ணைக்காரர்கள் கந்தப்பன் கடையை விட்டார்கள். கடைமுன்னால் நின்று இரண்டு பேர் கெட்ட வார்த்தையில் பேசினார்களாம். கேட்டபோது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஆனாலும் கையில் சாட்சி வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை பரமத்தி வேலூர் பஸ் ஏறி, அப்புசாமியின் பண்ணையில் போய் இறங்கினாள். அன்று செத்த கோழியை அவளே எடுத்து, அவளே அறுத்து, ஈரலில் ஊசியைத் தொட்டு, குழாயில் குத்தி, குழாயைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு கணம்கூட அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. அப்புசாமியின் மனைவி அத்தாயி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறுநூறு குஞ்சில் ஆரம்பித்து மூவாயிரம் கோழி ஆக்கியது அத்தாயிதான். அப்புசாமி வாங்குவதும் விற்பதும். கொட்டாய்க்குள் எல்லாம் அத்தாயி.

"மீதிப் பொடி இருக்குங்களாக்கா?"

அத்தாயி டப்பாவோடு எடுத்து வந்தாள். "இதெல்லாம் ஒழுங்காத்தான் கண்ணு குடுத்தேன். நோவு வந்தப்ப மட்டுமில்ல. குஞ்சு எறங்கின மொத நாள்ல இருந்து தண்ணியில ஒரு கரண்டி. தீவனத்துலயும் கலந்துதான் வருது. ஒரு நாளும் உட்டதில்ல."

"நல்லாருக்கற கோழிக்குமா?"

"நோவு வராம இருக்கோணும்னுதானே சாமி."

அந்தப் பேச்சு தெய்வநாயகியின் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அவள் கண் டப்பாவின் மூடியில் இருந்தது. கம்பெனி முத்திரை பாதி அழிந்திருந்தது. போலிதான் என்று உறுதி செய்துகொண்டாள்.

கூடத்துக்கு வந்ததும் பொடியைக் கரைத்து, வட்டமான வடிகட்டித் தாளை அதில் நனைத்து, பிரிட்ஜின் அடித்தட்டில் இருந்த தை மாசத்துக் கிருமியைப் பரப்பிய தட்டின்மேல் வைத்தாள். சுண்ணாம்பாக இருந்தால் தாளைச் சுற்றிலும் கிருமி அடர்ந்து வளரும்.

மறுநாள் காலையில் தட்டைத் திறந்தாள். தாளைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வெறும் இடம். ஒரு கிருமி இல்லை. பக்கத்தில் கம்பெனியிலிருந்து நேராக வந்த மருந்தை வைத்திருந்தாள். அதைச் சுற்றியும் அதே அளவுதான். அளவுகோல் வைத்துப் பார்த்தாள். அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

பொடி அசல்.

தன் கையாலேயே எடுத்துவந்த மூன்றாவது குழாயைப் பார்த்தாள். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. தட்டில் கடுகுப் புள்ளிகள். யாரும் எதையும் மாற்றவில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சூரமங்கலத்தில் மேனேஜர் அவளிடம் சீட்டைக் காட்டிப் பேசியபோது எல்லாம் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அந்த ஆளுக்கும் கணக்குச் சரியாகத்தான் வந்திருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

செய்ததை எல்லாம் சொன்னாள். கந்தப்பனைப் பற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை. பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். நீங்க அவனைச் சந்தேகப்பட்டீங்க. கிருமியை ரெண்டு பேரும் சந்தேகப்படல பாருங்க," என்றார்.

அலமாரியிலிருந்து மெட்ராஸில் பயிற்சிக்குப் போனபோது வாங்கிய தடித்த புத்தகத்தை எடுத்தார். ஒரு படத்தைக் காட்டினார். கிருமிக்குள் சுருண்டு கிடக்கும் நீளமான மரபணு இழை. அதற்குப் பக்கத்தில், ஒட்டாமல், தனியாக ஒரு சின்ன வளையம்.

"பிளாஸ்மிட்னு பேர். இது கிருமியோட சொந்தச் சொத்து இல்ல. வேற ஒரு கிருமி பக்கத்துல வந்து ஒட்டி, இதுக்கு ஒரு பிரதி குடுத்துட்டுப் போகும். மருந்தைத் தாங்கற வித்தையெல்லாம் இந்த வளையத்துலதான் எழுதியிருக்கும். நாலு மருந்து, ஒட்டுக்கா ஒரே வளையத்துல."

"மருந்தைத் தாங்கறது சரிங்க. நீந்தறதை ஏனுங்க உடோணும்? சின்னதா ஏனுங்க வளரோணும்?"

பாலசுந்தரம் புத்தகத்தைப் புரட்டினார். அதற்குப் பதில் அதில் இல்லை.

"ஒரு வீட்டுக்குள்ள புது ஆள் ஒருத்தர் வந்து தங்கிட்டா அரிசி மட்டுமா குறையும்? யார் எப்ப பேசறது, எந்த விளக்கை அணைக்கறதுங்கறதுகூட மாறிடுது. வால் செய்யற ஜீன் அதுக்குள்ளதான் இருக்கும், எங்கயும் போயிருக்காது. வளையம் வந்ததும் வேலை செய்யாம அடங்கிப்போகுது போல. மத்த ஜீனும் சிலது மெதுவாயிடும். ஏன்னு எனக்குத் தெரியாதும்மா. இதுகூட என் ஊகம்தான்."

"ஊகத்தை நம்பி ஒருத்தர் பொழப்பைக் கெடுத்துட்டேனுங்க. இனி பார்த்துத்தான் நம்போணும்."

எப்படிப் பார்ப்பது என்று இருவரும் இரண்டு நாள் பேசினார்கள். வளையத்தைக் கொடுத்த கிருமி அந்தக் கொட்டாய்க்குள்ளேயே இருக்கவேண்டும். நோய் வராத கோழிகளின் எச்சத்தை அத்தாயியிடம் கேட்டு வாங்கிவந்து தெய்வநாயகி தேடினாள். பதினொரு நாளில், அதே நான்கு மருந்தையும் தாங்குகிற ஒன்று அகப்பட்டது. கோழியின் குடலில் சாதுவாகக் கிடக்கும் கிருமி. பால்சர்க்கரையைத் தின்கிற கிருமிதான் தட்டில் ரோஜாவாகும்; அதிர்ஷ்டவசமாக இது தின்னாத ஜாதி. தட்டில் ரோஜா நிறம் வராமல் வெள்ளையாகவே நிற்கும்.

தை மாசத்துக் கிருமியை நிறைய, வெள்ளைக் கிருமியைக் கொஞ்சம், இரண்டையும் கிருமி வளர்க்கிற ஒரே சாற்றில் கலந்து ஒரு நாள் வைத்தாள். பிறகு டெட்ராசைக்ளின் கலந்த பத்துத் தட்டுகளில் பரப்பினாள். வெள்ளைக்கு மருந்து பொருட்டில்லை, அது வளரும். தை மாசத்துக் கிருமி சாகவேண்டும். ரோஜா நிறத்தில் ஒன்றாவது எழுந்தால், அது வளையத்தை வாங்கிக்கொண்ட கிருமி.

கலக்காத தை மாசத்துக் கிருமியை மட்டும் மருந்து கலந்த இன்னும் இரண்டு தட்டுகளில் பரப்பி வைத்தாள். அதுவாகவே மருந்துக்குப் பழகிவிட்டது என்று நாளைக்கு அவளே தன்னைச் சந்தேகப்படக் கூடாது.

மறுநாள் அந்த இரண்டு தட்டும் வெறுமையாக இருந்தன. மற்றப் பத்தில் மணல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஐந்தாவது தட்டின் விளிம்பில் ஒன்று ரோஜாவாக இருந்தது. விரல் நகத்தால் தட்டின் அடியில் தொட்டுப் பார்த்தாள். பத்துத் தட்டிலும் சேர்த்து ஏழு.

ஏழையும் எடுத்துச் சுத்தமாக வளர்த்தாள். ஏழும் கடுகுப் புள்ளி. ஏழையும் இளகிய அகாரில் குத்தினாள். போன வாரம்வரை குழாய் முழுவதும் நீந்திக் கலக்கிய கிருமி ஏழு குழாயிலும் கோட்டைவிட்டு நகரவில்லை.

பாலசுந்தரம் ஏழு குழாயையும் வரிசையாகப் பார்த்தார். "குழாய் மாறலம்மா," என்றார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவளுக்கு அது போதவில்லை. பங்குனிக் கிருமியை, வளையத்தை உதிர்க்கும் என்று புத்தகம் சொன்ன ஆரஞ்சுச் சாயத்தில் வளர்த்தாள். இருநூறு புள்ளிகளில் ஐந்து மட்டும் கொத்தமல்லி விதை அளவுக்குப் பெரிதாக வந்தன. அந்த ஐந்தும் மருந்தைக் கண்டதும் செத்தன. மருந்தில்லாத குழாயில் குத்தியவை மோர்போல் நீந்திப் பரவின. நீந்துகிற வித்தை எங்கும் போகவில்லை, உள்ளேயே அடங்கிக் கிடந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை அவள் கந்தப்பன் கடைக்குப் போனாள். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவன் எழுந்திருக்கவில்லை.

"உங்க பொடி அசல்தானுங்க," என்றாள் நின்றபடியே. "நான் சொன்னது தப்பு. எட்டுப் பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"அன்னிக்கு எதுக்குங்க சொன்னீங்க?"

"நீங்க பிரிட்ஜ் பக்கத்துல தனியா இருந்தீங்க. அதை வச்சு நெனச்சுட்டேன்."

கந்தப்பன் தெருவைப் பார்த்தபடி சொன்னான். "என் தங்கச்சிப் பண்ணையில கோழி சாவுது. அதைக் கேக்கத்தான் டாக்டருக்குக் காத்துக்கிட்டிருந்தேன்." பிறகு கேட்டான். "பொடி அசல்னா, கோழி ஏனுங்க செத்துச்சு?"

அவள் சொன்னாள். நல்ல கோழிக்கும் தினம் கொடுத்ததால் மருந்தைத் தாங்குகிற கிருமிகள் மட்டும் கொட்டாயில் மிஞ்சின. அவற்றில் ஒன்று நோய்க் கிருமிக்கு வளையத்தைக் கொடுத்துவிட்டது.

"அப்ப நான் போலி மருந்து வித்திருந்தா இது நடந்திருக்காது, இல்லீங்களா?"

அவன் கேலி செய்தானா, உண்மையாகக் கேட்டானா என்று அவளுக்குப் புரியவில்லை. இறங்கி நடந்தாள்.

எட்டுப் பண்ணைக்கும் போனாள். ஏழு பேர் தலையாட்டினார்கள். அப்புசாமி மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கந்தப்பன் உங்களப் பார்த்தானுங்களா அம்மிணி?"

"நான்தானுங்க அவரைப் பார்க்கப் போனேன்."

"என்ன குடுத்தான்?"

அவள் ஏழு குழாயைப் பற்றிச் சொன்னாள். வளையத்தைப் பற்றிச் சொன்னாள். அப்புசாமி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குள் கண்ணுக்குத் தெரியாத வளையம் என்று ஒருத்தி சொன்னால், காசு வாங்கிவிட்டாள் என்று நினைப்பதுதான் சுலபம். போன மாசம் அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தாயி பின்னாலேயே வந்தாள்.

"கண்ணு, அது பெருசா வளரமாட்டேங்குது, நீந்தமாட்டேங்குதுன்னு சொன்னியே. அப்ப மருந்து இல்லாத எடத்துல நல்ல கிருமிகூடப் போட்டி போட்டா அது தோத்துப்போகுமா?"

தெய்வநாயகி அவளைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் அவளும் இரண்டு நாள் பேசியும் இதைக் கேட்கவில்லை.

"தோக்கோணுங்கக்கா. ஆனா எனக்குத் தெரியாது."

"கடைசிக் கொட்டாய் முழுசும் என் பொறுப்பு. அதுல மருந்தை நிறுத்திப் பாக்கறேன். அவருகிட்டச் சொல்லவேண்டாம்."

அடுத்து வந்த ஐந்நூறு குஞ்சுக்கு அத்தாயி மருந்து காட்டவில்லை. தரையில் பரப்பிய பழைய உமியை முழுக்க அள்ளிவிட்டு, சுண்ணாம்பு அடித்து, தண்ணீர்த் தட்டுகளைத் தினம் வெயிலில் காயவைத்தாள். தீவனத்தைத் தனியாக அரைத்துக்கொண்டாள். மாசம் ஒருமுறை தெய்வநாயகி எச்சம் எடுத்துவந்து எண்ணினாள். முதலில் பத்துக் கிருமியில் எட்டு, மருந்தைத் தாங்கின. ஆறு மாசத்தில் அது மூன்றாயிற்று. ஒரு வருஷத்துக்குப் பிறகும் இரண்டு. இரண்டுக்குக் கீழே எப்போதும் இறங்கவில்லை. அப்படி மிஞ்சியவற்றைக் குத்திப் பார்த்தபோது, ஒரு சில வளையத்தையும் வைத்துக்கொண்டு நன்றாக நீந்தின. வளையத்தோடு வாழக் கற்றுக்கொண்டிருந்தன.

அத்தாயி கொட்டாயில் சாவு குறைந்ததை அப்புசாமி கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டாவது கொட்டாயையும் அத்தாயியின் இஷ்டத்துக்கே விட்டார். தெய்வநாயகியிடம் மட்டும் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

1985இல் கோழி எருவை லாரி லாரியாகப் பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு வாங்கிப்போக ஆரம்பித்தார்கள். யாரும் கேட்காமலே தெய்வநாயகி ஒரு கொடிக்காலின் வாய்க்கால் சேற்றைக் குழாயில் எடுத்துவந்தாள். மூன்றாம் நாள் தட்டில் அதே நான்கு மருந்தையும் தாங்கும் ஒரு கிருமி நின்றது. அதைத் தை மாசத்துக் கிருமியோடு கலந்தாள். வளையத்தை வாங்கியவை கடுகாகச் சிறுத்தன, நீச்சலை விட்டன.

பாலசுந்தரம் தட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இதை எழுதறது? நாம கோழிக்குத்தானே ஆபீஸ் வச்சிருக்கோம்," என்றார்.

மூன்று இடத்துக்கு எழுதினார்கள். பதில் வரவில்லை. அடுத்த வைகாசியில் அவள் நான்கு குழாய்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி பரமத்தி வேலூர் பஸ் ஏறினாள். வளையம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, இந்தத் தடவை கொடிக்காலோடு நிற்கவில்லை. வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே காவிரிக்கரைவரை நடந்து, பெண்கள் துணி துவைக்கிற படித்துறைக்குக் கீழே குனிந்து, தண்ணீரில் குழாயை முக்கினாள்.